கொல்லைக் கதவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தஞ்சை மாவட்டத்துப் பழைய வீடுகளின் தலைவாசல்கள் பற்றி வந்துகொண்டிருக்கும் தொடரை விடாமல் படிக்கிறேன். படங்கள் மிக நன்றாக இருக்கின்றன. நிலையின் நெற்றியில் செதுக்கிய கஜலட்சுமி, பித்தளைக் குமிழ், தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்த வாசற்படி என்று எல்லாவற்றையும் கிட்டப் போய் எடுத்திருக்கிறீர்கள். கீல் இல்லாமல் குடுமியில் சுழலும் கதவைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பதும் சரியான தகவல். கதவுப் பலகையின் மேலும் கீழும் துருத்திக்கொண்டிருக்கும் குடுமி, மேலே ஒரு குழியிலும் கீழே ஒரு குழியிலும் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குழியில் விளக்கெண்ணெய் விட்டால் சத்தமில்லாமல் திறக்கும். எண்ணெய் விடாமல் போட்டுவிட்டால் கதவு போடும் கூச்சல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

போன வாரக் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அந்த வாசல்கள் வந்தவர்கள் எல்லாரையும் வா என்று அழைத்தவை என்று. அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம் எங்களுடையது. என் அப்பா முடிதிருத்துபவர். அம்மா மருத்துவச்சி. ஊரில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் அம்மாவுக்குத்தான் ஆள் வரும். நீங்கள் படம் போட்டிருக்கும் மாதிரியான வீடுகளில், எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல், அம்மா தலைவாசல் வழியாக உள்ளே போய் நான் பார்த்ததில்லை. அப்பாவும் அப்படித்தான். கொல்லையில் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து சவரம் செய்துவிட்டு, கொல்லை வழியாகவே திரும்பி வருவார்.

கொல்லை வழியாகப் போவது என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கு நடுவில் சந்து கிடையாது. முன்பக்கம் தெரு. அப்புறம் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு, மாட்டுக்கொட்டில், கிணறு, கொல்லை என்று நீளமாகப் போய் வாய்க்காலில் முடியும். தெருவில் நின்றால் பத்தடியில் தலைவாசல். ஆனால் அம்மா தெருக்கோடி வரை நடந்து, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் திரும்பி, வாய்க்கால் கரையோடு மறுபடி அதே தூரம் வந்து, கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ராத்திரியில், அரிக்கேன் விளக்கோடு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அந்தக் கரை முழங்கால் வரைக்கும் சேறு.

பின்பக்கம் எல்லாக் கொல்லையும் ஒரே மாதிரி இருக்கும். அம்மா மரத்தை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார். முருங்கை நிற்பது கணக்குப்பிள்ளை வீடு. இரட்டைத் தென்னை என்றால் மிராசுதார் வீடு. நாரத்தை மரம் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு. ஒரு தடவை புயலில் நாரத்தை விழுந்துவிட்டது. அப்புறம் கொஞ்ச நாள் கிணற்றுத் துலாவைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டார். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே தங்கள் வீடு பின்னாலிருந்து எப்படி இருக்கும் என்று அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்காது.

அம்மாவின் கூடையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வெளுத்த பழந்துணி, நூல், விளக்கெண்ணெய். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் பிரசாதமாகக் கொடுக்கும் விளக்கெண்ணெயையும் ஒரு சின்னக் குப்பியில் தனியாக வைத்திருப்பார். வலி எடுத்த பெண்ணின் வயிற்றில் முதலில் அதைத் தொட்டுத் தடவிவிட்டுத்தான் மற்ற வேலை. எழுபதுகளில் அரசாங்கம் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அம்மாவும் போனார். புதுப் பிளேடு, சோப்பு, கொதிக்க வைத்த நூல் எல்லாம் அதற்குப் பிறகு வந்த பழக்கம். பிள்ளை பிறந்ததும் அதன் வாயைத் துடைத்து, அழவைத்து, முதலில் கையில் ஏந்துவது அம்மாதான். தீட்டுக் கழிந்த அன்று மரக்காலில் நெல், ஒரு புடவை, வெற்றிலை பாக்கு. அதையும் கொல்லைக் கதவில் வைத்துத்தான் கொடுப்பார்கள். அந்த வீட்டில் அம்மா எடுத்த பிள்ளை, பேச வந்ததும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

ஒரே ஒரு தடவை அம்மா தலைவாசலைத் தாண்டினார். அதை நான் பார்த்தேன்.

எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும். மழைக்காலம். விளக்குப் பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழ நேரமாயிற்று. விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. இதை நானே பிற்பாடு செவிலியர் பயிற்சியில் படித்தேன். கருப்பை சுருங்காமல் தொளதொளவென்று கிடந்தால் ரத்தம் கொட்டிக்கொண்டே இருக்கும், அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எடுத்தால் மறுபடி தளர்ந்துவிடும். அம்மாவுக்கு இதை யாரும் புத்தகத்திலிருந்து சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கு அவர் மாமியார் சொல்லிக் கொடுத்தது. அம்மா கையை வைத்து அழுத்தினார். கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்.

கூண்டு வண்டி பூட்டினார்கள். வாய்க்கால் கரையில் வண்டி வராது. தெருப்பக்கம்தான் வர முடியும். அந்தப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கினார்கள். அம்மா கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் செத்துப்போவாள். கட்டிலோடு கட்டிலாக, குனிந்தபடி, வயிற்றில் கையை அழுத்திக்கொண்டே நடந்தார். அந்த வீடுகளில் கொல்லைக் கதவும் தலைவாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறாரே, அது உண்மை. நான் கொல்லைப் படியில் விளக்கோடு நின்றிருந்தேன். சமையல்கட்டு, முற்றம், கூடம், ரேழி என்று அத்தனையும் தாண்டி, இரண்டு கதவும் விரியத் திறந்து, அம்மாவின் முதுகு தெருவுக்குள் போவது எனக்கு நேராகத் தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க நேரமில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இன்னொரு பிள்ளையும் பெற்றாள்.

வண்டி போன பிறகு அந்த வீட்டுப் பெரியம்மா கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சேந்தச் சொன்னார். கூடத்திலிருந்து வாசற்படி வரை கழுவினார்கள். ரத்தம் சொட்டியிருந்தது, கழுவத்தான் வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கதவைக் கழுவினார்கள். நிலையைக் கழுவினார்கள். கட்டில் திரும்பும்போது அம்மாவின் தோள் உரசிய இடம் அது. அங்கே ரத்தம் இல்லை. அப்புறம் சாணம் கரைத்துத் தெளித்துப் புதிதாக ஒரு கோலம் போட்டார்கள். வீட்டுக்குப் போடி என்று என்னை அனுப்பினார்கள். நான் கொல்லை வழியாகப் போனேன். அம்மா மறுநாள் சாயங்காலம்தான் கும்பகோணத்திலிருந்து திரும்பினார். கழுவிய விஷயத்தை அவரிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை.

இதைச் சொல்லி யாரையும் இப்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. அந்தப் பெரியம்மா இல்லை. வீடும் கை மாறிவிட்டது. கதவும் நிலையும் காரைக்குடிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவுகளை வாங்கி விற்கும் கடைகள் இருக்கின்றன என்று உங்கள் தொடரிலும் வந்திருந்தது. நல்ல பர்மா தேக்கு, எங்கே இருந்தாலும் இன்னும் நூறு வருஷம் நிற்கும்.

நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்து, செவிலியர் பயிற்சி எடுத்து, கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, ரணஜன்னி ஊசி, தடுப்பூசி, பிறப்புப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் வீடு வீடாகப் போக வேண்டும். போஸ்ட்மேனைத் தவிர எங்களைப் போல் இத்தனை தலைவாசல்களைப் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள். கதவைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் அம்மை. காலையில் கோலம் இல்லை என்றால் துக்கம், இல்லாவிட்டால் வீட்டுப் பெண் மூன்று நாள் ஒதுங்கியிருக்கிறாள். பட்டப்பகலில் உள்தாழ் போட்டிருக்கும் வீட்டில் மருமகள் தனியாக இருக்கிறாள், மாமியார் வெளியே போயிருக்கிறார், யாருக்கும் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மாதிரிக் கதவுக்கு முன்னால் நின்று, கை நீட்ட மட்டும் இடம் கொடு தாயி என்று கெஞ்சி, கதவிடுக்கு வழியாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறேன்.

சர்க்கார் வேலை என்பதால் என்னை யாரும் கொல்லைக்குப் போ என்று சொல்லவில்லை. ஆனால் திண்ணையோடு நிறுத்தியவர்கள் உண்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். ஊசி போட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இன்னார் மகள் என்று ஊருக்கே தெரியுமே. ஒரு வீட்டுக்காரர், என் அம்மா கையால் பிறந்தவர், அதைப் பெருமையாகவே சொல்லுவார். "நான் தலைகீழா வந்தேனாம், உங்க அம்மாதான் திருப்பி எடுத்தாங்களாம்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்வதும் திண்ணையில் வைத்துத்தான். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், மன்னார்குடிப் பெண், முதல் நாளே "வெயில்ல நிக்கறீங்களே அக்கா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கூடத்தில் உட்காரவைத்தாள். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் கொடுத்த மோரின் ருசி எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. இஞ்சி தூக்கலாக இருந்தது.

1995-ல் போலியோ சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியது, சில வருஷம் கழித்து அதில் இன்னொரு வேலையும் வந்தது. சொட்டு மருந்து கொடுக்கும் நாள் முடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் போட்டுக்கொண்டிருந்தால் வாசலுக்குப் பக்கத்தில் 'பி' என்று எழுத வேண்டும். விட்டுப்போயிருந்தாலோ வீடு பூட்டியிருந்தாலோ 'எக்ஸ்'. தேதியும் போட வேண்டும். எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடி போய் அதை பி ஆக்கும் வரை விடக்கூடாது. சாக்குக்கட்டியால் எழுதுவோம். எந்த நிலையின் பக்கத்தில் அம்மாவின் நிழல் விழக்கூடாது என்றார்களோ அதன் பக்கத்திலேயே நான் எழுதினேன். அடுத்த மழை வரைக்கும் அது இருக்கும். 2014 மார்ச் 27-ஆம் தேதி இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவித்த செய்தியை உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா அதற்கெல்லாம் முன்னாலேயே பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான்தான் நிறுத்தச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். அவரும் சரி என்று கேட்டுக்கொண்டார். இப்போது தமிழ்நாட்டில் நூற்றுக்கு தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். அதில் எனக்கு சந்தோஷம். அம்மாவுக்கும்தான்.

இனி என் வீட்டுக் கதவைப் பற்றி. நாங்கள் பிறந்து வளர்ந்த கூரை வீட்டில் கதவு கிடையாது. மூங்கில் தட்டிதான், ராத்திரி சாத்திக் கயிறு கட்டுவோம். நாய் தள்ளினால் திறந்துவிடும். எனக்கு வேலை கிடைத்து, கடன் போட்டு, அதே மனையில் ஓட்டு வீடு கட்டினோம். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நிலைக்கு வேங்கை, கதவுக்குத் தேக்கு என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஜன்னலுக்கு வேப்பமரம் போதும், தரைக்கு வெறும் சிமென்ட் போதும், ஆனால் தலைவாசலில் குறை வைக்கக்கூடாது. ஆசாரி நல்ல மனிதர். கதவின் நடுவில் என்ன செதுக்கட்டும் என்று கேட்டார். பூவா, கலசமா? அம்மாதான், "ஒண்ணும் வேணாம், நல்லா வழவழன்னு இழைச்சுக் கொடுங்க, கை வச்சா சிலாம்பு ஏறக்கூடாது" என்றார். அப்படியே இழைத்துக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் கதவில் கையை ஓட்டினால் ஒரு பிசிறு இருக்காது.

நிலை வைக்கிற அன்றைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானிய முடிச்சைக் கட்டும்போது, வீட்டுக்குப் பெரியவர்கள் வந்து தொடட்டும் என்று ஆசாரி சொன்னார். அம்மா வர மாட்டேன் என்றார். புருஷன் இல்லாதவள் கை வைக்கக்கூடாதாம். இந்த ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த கை, அதை விட மங்கலமான கை எங்கே இருக்கிறது என்று நான் சத்தம் போட்டேன். ஆசாரியும் அதையே சொன்னார். அப்புறம்தான் வந்து தொட்டார்.

ஆனால் ஐயா, வீடு கட்டிக் குடிவந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். அம்மா தன் சொந்த வீட்டுக்கு, மகள் கட்டிய வீட்டுக்கு, கொல்லை வழியாகத்தான் வருவார். கடைக்குப் போய்விட்டுத் திரும்பினாலும் சரி, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினாலும் சரி. தெருவில் வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், காலைக் கழுவிவிட்டு, கொல்லைக் கதவைத் தட்டுவார். ஏன் அம்மா என்றால், "கால்ல சேறு" என்பார். சித்திரை மாதத்தில் ஏது சேறு? ஒரு நாள் கோபத்தில் கொல்லைக் கதவை உள்ளே பூட்டிவிட்டு, முன்கதவை விரியத் திறந்து வைத்தேன். பின்னால் சுவரோரம் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முன்னால் வரவில்லை. நான்தான் போய்த் திறந்தேன். சாகும் வரை அப்படித்தான் இருந்தார். கழுவிய விஷயத்தை நான் சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும் என்று பிற்பாடு தோன்றியது.

இதனால்தான் உங்கள் தொடரில் வந்த அந்த ஒரு வரி என்னைச் சுட்டது. 1936 நவம்பர் 12 திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம், 1939 ஜூலை 8 மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் என்று கோயில் கதவுகள் திறந்ததற்குத் தேதி இருக்கிறது, பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 17-ஆவது பிரிவு இருக்கிறது, 1955-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. கடை, ஓட்டல், கிணறு, கோயில் என்று பொது இடங்களுக்கு அது பேசும். வீட்டு வாசலுக்கு அப்படித் தேதி ஒன்றும் கிடையாது. அங்கங்கே ஒரு மன்னார்குடிப் பெண் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. அதை எழுதி வைக்காவிட்டால் அந்தக் கதவுகள் எப்போதும் எல்லாருக்கும் திறந்தே இருந்தன என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும். உங்கள் கட்டுரையாளர் இளைஞர் என்று படத்தைப் பார்த்தால் தெரிகிறது. அவர் தெரியாமல்தான் எழுதியிருப்பார்.

பழைய கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது நான் வருஷத்தில் பாதி நாள் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே கொல்லை கிடையாது, ஆகவே கொல்லைக் கதவும் கிடையாது. ஆனால் கீழே லிஃப்ட் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்களும் பொருள் கொண்டுவருபவர்களும் சர்வீஸ் லிஃப்டில் மட்டும் போக வேண்டும் என்று. அந்த லிஃப்டில்தான் குப்பைத் தொட்டியும் போகும், சிமென்ட் மூட்டையும் போகும். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு முட்டி வலி. அந்த லிஃப்ட் பழுதானால், பக்கத்தில் இரண்டு லிஃப்ட் சும்மா நிற்கும்போதே படியேறி வருகிறாள். மேலே வந்து, எங்கள் வீட்டு முன்கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். எங்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். என் பேத்தியைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கிறாள். பேத்தி என்னிடம் வருவதை விட அவளிடம்தான் ஓடுகிறது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். சுத்தத்துக்காக என்றார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். சுத்தம் என்றால், நாலு நாய் குடியிருப்பவர்களின் லிஃப்டில் போகிறது, அதற்குத் தடை இல்லை. பாதுகாப்பு என்றால், வீட்டுச் சாவியே அவளிடம்தான் இருக்கிறது. எல்லாரும் படித்தவர்கள், நல்லவர்கள், எனக்கு முட்டி வலி என்றால் நாற்காலி எடுத்துப் போடுகிறவர்கள். ஆனாலும் பலகையை எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் நான் கேட்பேன். நான் ஊரில் இருந்தால் மகன் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான்.

அதுவரை நான் எங்கே போனாலும் சர்வீஸ் லிஃப்டில்தான் போய் வருகிறேன். "உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி இது" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். அவளுக்கு அம்மாவின் கதையைச் சொன்னேன். இப்போது அவளும் சில நாள் கூட வருகிறாள்.

ஆசிரியர் ஐயா, தொடரை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. தொடர்ந்து வரட்டும். அந்த ஆசாரிகளின் வேலைக்கு அந்த மரியாதை வேண்டும். குடுமிக் கதவு போடத் தெரிந்தவர்கள் இன்னும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள், அவர்களிடமும் போய்ப் பேசுங்கள். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். அடுத்த வீட்டுக்குப் படம் எடுக்கப் போகும்போது, தலைவாசலை எடுத்து முடித்ததும், அப்படியே நேராக நடந்து கொல்லைக் கதவுக்குப் போகச் சொல்லுங்கள் உங்கள் ஆட்களை. அது சின்னதாக இருக்கும். செதுக்கல் இருக்காது. குனிந்துதான் போக வேண்டியிருக்கும். அதையும் ஒரு படம் எடுங்கள். அந்த வழியாக யார் யார் வந்தார்கள் என்று வீட்டில் உள்ள வயதானவர்களைக் கேளுங்கள். வண்ணார், மருத்துவச்சி, முடிதிருத்துபவர், நெல் குத்தியவர்கள், மாட்டுக்கொட்டில் கூட்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களையும் கேளுங்கள், பெயரோடு போடுங்கள்.

எங்கள் ஊருக்கு வருவதானால் சொல்லுங்கள். நான் தை மாதம் முழுக்க ஊரில்தான் இருப்பேன். வாய்க்கால் கரை இப்போது சிமென்ட் பாதை ஆகிவிட்டது, காரே போகும். எந்தக் கொல்லை யாருடையது என்று நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.